குனிகிறவரும் நிற்கிறவரும்

கல்லுமுனை என்றொரு கரை. கார்த்திகை முதல் தை வரை அங்கே மணல் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கல்தான். செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் உங்களோடு சண்டைக்கு வரும்.

அந்தக் கூழாங்கற்களுக்குள் பத்தாயிரத்தில் ஒன்று விளக்குக்கல். நகரத்துக் கடைக்காரர்கள் அதை அகேட் என்கிறார்கள். தரையில் கிடக்கும்போது வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே சிவப்பும் தேன்நிறமுமாக வரிவரியாக வெளிச்சம் ஓடும்.

அதைப் பொறுக்குவதில் ஒரு தொல்லை உண்டு. வெயில் எதிரே இருந்தால்தான் கல் காட்டிக்கொடுக்கும். உச்சி வெயில் உதவாது, சாய்ந்த வெயில் வேண்டும். கல்லுமுனையில் காலை வெயிலைப் பனிமூட்டம் மறைத்துவிடும், சாயங்கால வெயில் ஊர்ப்பக்கமிருந்து வருகிறது. ஆகவே ஊரைப் பார்த்துக் குனிய வேண்டும், கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

கடலுக்கு முதுகைக் காட்டுவது புத்தியுள்ளவர் செய்கிற காரியம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், கரைக்காரர்களுக்கும் தெரியும். அலை பின்வாங்கும்போது கற்களை இழுத்துக்கொண்டு போகிற இரைச்சலில், அடுத்து வருகிற அலையின் சத்தம் காதில் விழாது. அதனால் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் குனிவார். இன்னொருவர் மேட்டில், தன் நிழல் கல்மேல் விழாமல் தள்ளி, கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெரிய அலை எழுந்தால் “ஏறு!” என்று கத்துவார். குனிந்தவர் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

“ஏறுங்க” என்று சொல்வது கிடையாது. அந்த “ங்க”வுக்கு நேரம் இருக்காது.

திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.

இந்தக் கதையில் குனிகிறவர் பிலோமி. வயது முப்பத்து மூன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்து, மேட்டில் நிற்கிறவன் அருமைநாதன். வயது நாற்பத்தாறு. மரியாதையை மாற்றிப் போடலாமே என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் கற்றுக்கொடுக்கிறவரை “அவள்” என்று எழுதினால் கரைக்காரர்கள் என்னைக் கல்லால் அடிப்பார்கள். அங்கே கல்லுக்கா பஞ்சம்?

அருமைநாதன் அவரை அக்கா என்றான். கற்றுக்கொடுக்கிற பெண் எந்த வயதாக இருந்தாலும் அந்தக் கரையில் அக்காதான். பிலோமி அவனை அண்ணே என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அவன் முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பதினெட்டு வருஷம் கத்திப் பழகிய தொண்டை. ஒரு தடவை இந்தக் கரைக்குச் சுற்றிப் பார்க்க வந்தபோது, யாரோ ஒரு விளக்குக்கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்து அவனுக்குக் காட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

மனைவி ரோஸ்லின் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

“உங்க கையால ஒரே ஒரு கல்லு எடுங்க. எடுத்துட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்.”

அதற்கப்புறம் இரண்டு பருவம் போய்விட்டது. அருமைநாதன் இன்னும் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்ன, குனியவே இல்லை. கல்லுமுனையில் முதலில் நிற்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

“அக்கா, எப்ப குனியலாம்?”

“நின்னு முடிச்சதும்.”

“எப்ப நின்னு முடிப்பேன்?”

“கேக்கறதை நிறுத்தினதும்.”

ஒரு வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் வந்து நின்றான்.

“அக்கா, ஒரு வாரமா நான் கேக்கவே இல்லை.”

“எண்ணிக்கிட்டே இருந்திருக்கீங்களே,” என்றார் பிலோமி.

இன்னொரு நாள் கேட்டான்.

“திரும்பிப் பார்த்தா என்ன அக்கா? ஒரு நொடிதானே?”

“வடக்குக் கரையில ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

அவன் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டு பருவமும் ஒழுங்காகத்தான் நின்றான். அவன் கத்தியபோதெல்லாம் பிலோமி ஓடினார். ஓடியபோதெல்லாம் பின்னாலேயே அலை வந்து அவர் குனிந்திருந்த இடத்தை முழுங்கிவிட்டுப் போனது.

தை மாதம் கடைசி வாரம் வந்தது. மாசி பிறந்தால் கடல் எங்கிருந்தோ மணலைக் கொண்டுவந்து கற்களை மூடிவிடும். பிறகு கார்த்திகை மழைக்கு அப்புறம்தான் மறுபடி கல் வெளியே வரும்.

புதன்கிழமை ரோஸ்லின் போன் செய்தார்.

“ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. நான் வரலாமா, வேண்டாமா?”

அவர் என்ன கேட்கிறார் என்று அருமைநாதனுக்குப் புரிந்தது.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றான்.

“போன வருஷமும் நாளைக்குச் சொல்றேன்னுதான் சொன்னீங்க,” என்றார் ரோஸ்லின். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் இனி எப்போதுமே வரமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பிலோமி கொஞ்சம் மேலே தள்ளி, சின்ன அலைகள் எட்டாத இடத்தில் குந்தியிருந்தார். மத்தியான வெயிலில் காய்ந்த கற்கள். அங்கே பெரிய அலை வந்தால்தான் தண்ணீர் ஏறும். அருமைநாதன் மேட்டில் நின்றான். கடல் சாதுவாக இருந்தது.

மேட்டில் நிற்கிறவருக்கு முதுகுப்பக்கம் வெயில் அடிக்கும். அவருக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான், விளக்குக்கல் எது என்று தெரியாது. ஆனால் குனிந்திருப்பவரின் முகம் தெரியும்.

பிலோமியின் முகம் கல்லைக் கண்டால் சிரிக்காது. மூச்சு ஒரு கணம் நிற்கும், இடது புருவம் ஒரு நூல் இறங்கும். அவ்வளவுதான். வேறு யாருக்கும் தெரியாது. அருமைநாதனுக்கு அது மனப்பாடம். கடலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தப் புருவத்தை எப்படி மனப்பாடம் செய்தான் என்று நான் கேட்கப்போவதில்லை.

புருவம் இறங்கியது. கை நீண்டது. பிலோமியின் விரல் ஒரு கல்லைத் தொடப்போனது.

“ஏறு!”

பதினெட்டு வருஷத் தொண்டை. கத்தியது தான்தான் என்று அவனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

பிலோமி கையை இழுத்துக்கொண்டு எழுந்து ஓடினார். திரும்பவில்லை. மேட்டுச் சரிவில் கல் உருண்டு கால் சறுக்கியது. முழங்கால் மடங்கி விழுந்தார். கையை ஊன்றி எழுந்து, தவழ்ந்து, மேலே வந்து சேர்ந்தார். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

மேலே வந்த பிறகு பார்க்கலாம். பார்த்தார். கடல் சாதுவாகவே இருந்தது.

“பெரிசாத்தான் எழுந்துச்சு அக்கா,” என்றான் அருமைநாதன். “பாதியிலேயே உடைஞ்சுடுச்சு.”

“சரி,” என்றார் பிலோமி. பாட்டில் தண்ணீரை ஊற்றி முழங்காலைக் கழுவ ஆரம்பித்தார்.

“உங்க பை கீழே கிடக்கு. நான் போய் எடுத்துட்டு வர்றேன், நீங்க உட்காருங்க.”

எவ்வளவு அக்கறை பாருங்கள்! இறங்கினான். பை கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் கல். அவன் குந்தி உட்கார்ந்து ஊர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியதும் அது உள்ளுக்குள் சிவந்து நின்றது. கோழிமுட்டை அளவு. ஒரு கையால் பையை எடுத்தான், மறு கையால் கல்லை எடுத்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.

முகத்தில் ரத்தம் ஏறியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

பிலோமி நொண்டியபடி பழைய இடத்துக்கு இறங்கினார். கல் இருந்த இடத்தைப் பார்த்தார். சுற்றியிருந்த கற்கள்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மேட்டிலிருந்து அருமைநாதன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போயிடுச்சு,” என்றார் பிலோமி, பொதுவாக.

பிறகு மறுபடியும் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். காயம்பட்ட காலை ஒருக்களித்து வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அருமைநாதன் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பருவத்தில் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. கண் எரிந்தது. பேண்ட் பையில் கல் தொடையை அழுத்தியது. இப்போது நிஜமாகவே பெரிய அலை வந்தால்? நான் கத்தினால் அவர் நம்புவாரா? ஒரு நொடி யோசித்தால்கூடப் போதுமே, முடிந்துவிடுமே! ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

வந்தது. மூன்றாவது அலைக்குப் பின்னால் கடல் முதுகைத் தூக்கியது.

“ஏறு!”

குரல் பாதியில் உடைந்தது. ஆனால் பிலோமி அதற்குள் எழுந்துவிட்டார். யோசிக்கவில்லை, திரும்பவில்லை. நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அவர் மேட்டைத் தொடவும் அலை வந்து அந்த இடத்தை முழுங்கவும் சரியாக இருந்தது.

“நல்லவேளை,” என்றார் பிலோமி, மூச்சு வாங்கிக்கொண்டு. “நல்லா பார்த்தீங்க அண்ணே.”

அருமைநாதனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் கல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ரோஸ்லினுக்குப் போன் செய்தான்.

“கல்லு கிடைச்சுடுச்சு.”

ரோஸ்லின் இரண்டு தடவை கேட்டார்.

“நீங்களா எடுத்தீங்க? உங்க கையாலயா?”

“ஆமா. என் கையாலதான்.”

கையால் எடுத்தது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்தச் சமாதானம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு வர்றேன்,” என்றார் ரோஸ்லின். பிறகு, “எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குங்க,” என்றார். அழுகிற குரல். இரண்டு வருஷமாக அழாத பெண் அப்போது அழுதார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிலோமி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

“மடங்கமாட்டேங்குது,” என்றார். “இன்னைக்கு நீங்க குனியுங்க. நான் நிக்கறேன்.”

இரண்டு பருவம் காத்திருந்த வார்த்தை. அருமைநாதன் ஓரடி பின்வாங்கினான்.

“இன்னைக்கு வேண்டாமே அக்கா. கால் சரியாகட்டும். அப்புறமா பார்த்துக்கலாம்.”

“நாளைக்கு நாளன்னைக்குள்ள மணல் வந்துடும். போங்க.”

“எனக்குப் பழக்கம் இல்லையே.”

“குனியறதுக்கு என்ன பழக்கம் வேணும்? ஊரைப் பார்த்து உட்காருங்க. கல்லைப் பாருங்க. கடல் என் வேலை.”

இறங்கினான். நேற்றுப்போல மேலே காய்ந்த இடம் இல்லை. இன்று கடல் அங்கேயும் நனைத்துவிட்டுப் போயிருந்தது. ஈரக் கற்களுக்கு நடுவே ஊரைப் பார்த்துக் குந்தினான். வெயில் கண்ணில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் கடல் கற்களை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

மேட்டில் பிலோமி, கம்பை ஊன்றிக்கொண்டு, அவன் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு கல்லைப் பார்த்தான். திரும்பிக் கடலைப் பார்த்தான். இன்னொரு கல்லைப் பார்த்தான். திரும்பிக் கடலைப் பார்த்தான்.

“திரும்பாதீங்க அண்ணே.”

“இல்லக்கா.”

திரும்பினான். கழுத்து அவன் பேச்சைக் கேட்கவில்லை. வெயிலிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து வெயிலுக்கும் மாறி மாறிக் கண் பூத்துப்போனது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்தது. இப்படிப் பார்த்தால் பத்து வருஷம் ஆனாலும் ஒன்றும் கிடைக்காது என்று அவனுக்கே தெரிந்தது.

“திரும்பாதீங்கன்னு சொன்னேன்.”

அவருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் நம்மைக் கீழே இறக்கியிருக்கிறாரோ? முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். பிலோமியின் முகத்தில் ஒன்றும் இல்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நின்றபோது கடலைப் பார்க்கவில்லையே, என்று நினைத்தான். நான் புருவத்தைத்தானே பார்த்தேன்.

அப்போது அது கண்ணில் பட்டது.

ஒரு கை நீளத்தில், இரண்டு கருங்கற்களுக்கு நடுவே, ஒரு வெளிச்சம். சிவப்பு இல்லை, தேன் நிறம். உள்ளே வரிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, வெங்காயத்தை அறுத்தது போல. அவனே கண்டுபிடித்தது! யாருடைய முகத்தையும் பார்த்துக் கண்டுபிடித்தது இல்லை. இதைக் காட்டலாம். இதை ரோஸ்லினிடம் தலை நிமிர்ந்து காட்டலாம். நேற்றைய கல்லை அக்காவின் பைக்குள் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். எல்லாம் சரியாகிவிடும். கடவுளே, எல்லாம் சரியாகிவிடும்!

கையை நீட்டினான். விரல் கல்லைத் தொட்டது.

“ஏறு!”

அருமைநாதன் அசையவில்லை.

தொட்ட நொடியில் கத்துகிறார். இந்த நொடியில் கத்தினால் என்ன அர்த்தம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துவிட்டது அவருக்கு. கணக்குத் தீர்க்கிறார். நான் ஓட வேண்டும், அவர் இறங்கி வந்து இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானே?

“ஏறு! ஏறு!”

கல்லை இறுகப் பிடித்தான். கருங்கல்லின் இடுக்கிலிருந்து அது வரவில்லை. இழுத்தான். இழுத்துக்கொண்டே, பார்த்துவிடலாம் என்று திரும்பினான்.

கடல் தெரியவில்லை. தண்ணீர்ச் சுவர்தான் தெரிந்தது.

அது அவனைத் தூக்கி மேட்டுச் சரிவில் அடித்தது. மூக்கிலும் வாயிலும் உப்பு. பிறகு பின்வாங்கியது. அப்போதுதான் விபரீதம். காலடியில் இருந்த தரை முழுவதும் நகர ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான கற்கள் உருண்டன. அவனும் அவற்றோடு சேர்ந்து ஒரு கல்லாகக் கடலுக்குள் உருண்டான். இடது கை எதிலோ மாட்டியது. விரல்கள் நசுங்குகிற சத்தம் தண்ணீருக்குள்ளேயே அவனுக்குக் கேட்டது. கத்த வாயைத் திறந்தான், கடல் உள்ளே வந்தது.

நிற்கிறவர் இறங்கக் கூடாது. இறங்கினால் கடலைப் பார்க்க ஆள் இருக்காது, இரண்டு பேருமே போய்விடலாம். இதுவும் கரையின் வழக்கம்தான்.

பிலோமி கம்பை வீசிவிட்டு இறங்கினார்.

வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, சரிவில் பாதி நடந்து பாதி விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நுழைந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. காலர் கிழிந்தது. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார்.

“காலை உதைங்க! உதைங்க அண்ணே!”

உதைத்தான். கை விடுபட்டது. அடுத்த அலை பின்னாலிருந்து வந்து இரண்டு பேரையும் சேர்த்து மேலே தள்ளியது. அது பின்வாங்குவதற்குள் நாலு காலில் தவழ்ந்து ஏறினார்கள். மூன்றாவது அலை அவர்கள் குதிகாலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

மேட்டில் குப்புறக் கிடந்து அருமைநாதன் கடலைக் கக்கினான். பிலோமி மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்.

கடல் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போயிருந்தது. செருப்பு, துண்டு, செல்போன், சட்டைப் பொத்தான்கள், அவன் கண்டுபிடித்த தேன்நிறக் கல். பேண்ட் பையில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. அருமைநாதன் நல்ல கையால் அதை எடுத்து பிலோமியின் பக்கத்தில் வைத்தான்.

பிலோமி எழுந்து உட்கார்ந்தார். கல்லைப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே பிடித்தார். உள்ளே சிவப்பு வரிகள் நிதானமாக எரிந்தன.

“நல்ல கல்லு,” என்று மடியில் வைத்துக்கொண்டார்.

“நேத்து அலை வரலை,” என்றான் அருமைநாதன். சொல்லிவிட்டு அழுதான். நாற்பத்தாறு வயது மனிதன் கைக்குழந்தைபோல் ஏங்கி ஏங்கி அழுதான். “அலையே வரலை அக்கா. நான் பொய் சொல்லிக் கத்தினேன்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“இறங்கிப் போய்க் கல்லைத் தொட்டேனே, அப்ப. நான் கண்ட கல்லைக் காணோம், சுத்தி ஒரு சொட்டு ஈரமும் இல்லை.”

“அப்பவேவா!”

“அப்பவேதான்.”

“உங்க முழங்கால் என்னாலதான்.”

“ஆமா.”

“நாளைக்கு ரோஸ்லின் வர்றா. நானே எடுத்தேன்னு சொல்லிட்டேன். போனும் போயிடுச்சு, வராதேன்னுகூடச் சொல்ல முடியாது. அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்?”

“கையை நீட்டுங்க,” என்றார் பிலோமி. “கட்டணும்.”

நீட்டினான். இரண்டு விரல்கள் நீலமாகி வளைந்திருந்தன. பிலோமி தன் முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். இரண்டையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தார்.

“உண்மையைச் சொல்லிடறேன் அவகிட்ட,” என்றான். “போனா போகட்டும்.”

“சரி.”

“நான் கரையை விட்டுப் போயிடறேன் அக்கா.”

“கையை ஆட்டாதீங்க.”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அலைகள் அவன் குந்தியிருந்த இடத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தன. அருமைநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் பொய்யன்னு தெரிஞ்ச பிறகும், மறுபடி என்னை நிக்கவச்சுட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தீங்களே. எப்படி முடிஞ்சுது? மறுபடி நான் கத்தினேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. எழுந்து ஓடிவந்தீங்க. அதுவும் பொய்யா இருந்திருந்தா?”

பிலோமி துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“இன்னைக்கு நான் கத்தினேனே, நீங்க ஏன் ஏறலை?”

அருமைநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பழி வாங்கறீங்கன்னு நினைச்சேன்.”

“வாங்கினேன்னே வைங்க. நானும் பொய்தான் கத்தினேன். நீங்க ஏறி வந்திருந்தா, உங்களுக்கு என்ன போயிருக்கும்?”

அவன் துணி சுற்றிய விரல்களைப் பார்த்தான்.

“ஒரு கல்லு,” என்றான்.

பிலோமி முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

“எனக்கும் அவ்வளவுதான் போச்சு.”